எப்போதாவது மட்டும் ஹேங் ஆன மென்பொருள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள தன்னார்வ நண்பர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் தமிழ்த் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து கொடுக்கும் சிறிய கடை என்னுடையது. கடைக் கணினிகளில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். புத்தக வேலை முழுக்க, சம்பளம் வாங்காமல் நீங்கள் பராமரித்துவரும் எழுதுசெயலியில்தான் நடக்கிறது. அது எப்போதாவது ஹேங் ஆகிறது என்று நான் அனுப்பிய புகார் இப்போது தீர்ந்துவிட்டது. இந்த மடலின் ஆங்கில வடிவத்தைத் தனியே உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. உங்களில் இருவர் தமிழர். அப்புறம், இலவச மென்பொருள்தானே, பழுதானால் கேட்க நாதி இருக்காது என்று சொல்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

எப்போதும் வரும் பிழை என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்தப் பொத்தானை அமுக்கினால் இப்படி ஆகிறது என்று எழுதி அனுப்பலாம். நீங்களும் அதையே அமுக்கிப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வந்தது அந்த ரகம் அல்ல. பக்கம் பக்கமாக ஒழுங்காக ஓடும். திடீரென்று கர்சர் சிமிட்டுவதை நிறுத்திவிடும், சாளரம் மங்கிவிடும், மூடவா காத்திருக்கவா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். சில நாள் காலையிலேயே இரண்டு முறை வரும். சில வாரம் எட்டிக்கூடப் பார்க்காது. யாரிடமாவது காட்டலாம் என்று உட்கார்ந்தால் கண்டிப்பாக வராது. ரேமை மாற்று, தூசி தட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்று எனக்குக் கிடைத்த அறிவுரைகளுக்குப் பஞ்சமே இல்லை.

புதிய புகார்களைப் பிரித்துப் பார்க்கும் பெண்மணிக்குத்தான் முதல் நன்றி. தன் கணினியில் அது வரவில்லை என்று நேராகச் சொன்னார். ஆனாலும் புகாரை மூடவில்லை. உள்ளமைவுக் கோப்புகள் (நான் மாற்றிவைத்த அமைப்புகள்) எதையும் எடுத்துக்கொள்ளாத சேஃப் மோடில் சில நாள் வேலை செய்து பார்க்கச் சொன்னார். அதிலும் வந்தது. வாடிக்கையாளரின் கையெழுத்துப் பிரதியை அனுப்பட்டுமா என்று நான் கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம், அடுத்தவர் எழுத்து பொதுவெளிக்கு வரக் கூடாது என்று தடுத்துவிட்டு, பொருளில்லாத எழுத்துகளை நிரப்பிய வெற்றுக் கோப்பு ஒன்றில் முயலச் சொன்னார். அதிலும் ஹேங் ஆனதும், கோப்பின் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. என் திரையில் எல்லாமே தமிழில் இருந்ததால், பிழைச் செய்தியை மட்டும் ஆங்கிலத்தில் பார்க்க ஒரு சின்னக் கட்டளையும் சொல்லிக் கொடுத்தார். அதை இன்றும் பயன்படுத்துகிறேன்.

அடுத்தவர், ஜிடிபி என்ற கருவியை எனக்கு அறிமுகப்படுத்தியவர். ஹேங் ஆனால் உடனே மூடிவிடாதீர்கள், அது அப்படியே நிற்கும்போதுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியும் என்றார். கட்டளைகளை அடிக்கும் முனையத்தைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு ஜிடிபியை இணைத்து, எல்லாத் த்ரெட்களும் (ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்) எந்த இடத்தில் நிற்கின்றன என்று பட்டியல் எடுக்க வேண்டும். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் சுடோ (நிர்வாகி அனுமதியோடு கட்டளையை ஓட்டுவது) இல்லாமல் இணைக்க விடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நான் அனுப்பிய முதல் பட்டியலில் பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். நிரலின் உள்பகுதிகளுக்குப் பெயர் சொல்லும் டீபக் சிம்பல் இல்லாவிட்டால் அப்படித்தான் வருமாம். அவற்றை இணையத்தில் தரும் டீபக்இன்ஃபோடி சேவை வழியாகத் தேவையானவற்றை மட்டும் ஜிடிபியே இறக்கிக்கொள்ளும்படி அமைக்கச் சொல்லித் தந்தார். அடுத்த பட்டியலில் இரண்டு த்ரெட்கள் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

காத்திருப்பது தெரிந்தது, ஏன் எப்போதாவது மட்டும் என்பது தெரியவில்லை. அங்கேதான் உங்களில் ஒருவர் கேட்ட கேள்வி வருகிறது. ஹேங் ஆவதற்குச் சற்று முன் உங்கள் விரல்கள் என்ன செய்துகொண்டிருந்தன? அதுவரை என்னிடம் எல்லோரும் கணினியைப் பற்றியே கேட்டிருந்தார்கள். இவர் என் கையைப் பற்றிக் கேட்டார். திரையைப் பதிவு செய்து அனுப்பினேன். அதில் ஒவ்வொரு முறையும் கர்சருக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் எழுத்து, அடியில் மெல்லிய கோட்டோடு, பாதியில் நின்றிருந்தது. தினமும் பார்க்கும் கோடு என்பதால் என் கண்ணுக்கு அது படவே இல்லை.

நான் அடிப்பது தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை. அதில் க அடித்தால், அடுத்த விசை எது என்று உள்ளீட்டு முறை (விசைகளைத் தமிழ் எழுத்தாக்கும் நிரல்) காத்திருக்கும். உயிரெழுத்து வந்தால் கா, கி என்று ஆக்கும். இன்னொரு க வந்தால் தானே புள்ளி வைத்துக் க்க என்று ஆக்கும். அந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் அடிக்கோடு. உங்கள் செயலியோ 10 நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பைத் தானாகச் சேமிக்கிறது. சேமிக்கும் த்ரெட் ஆவணத்தைப் பூட்டிவிட்டு, பாதியில் நிற்கும் எழுத்தை முடித்துக் கொடு என்று முதன்மைத் த்ரெட்டைக் கேட்கிறது. சரியாக அதே கணத்தில் என் அடுத்த விசை விழுந்திருந்தால், முதன்மைத் த்ரெட் ஆவணத்தின் பூட்டு திறக்கட்டும் என்று காத்திருக்கிறது. சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு பேர், நீங்க போங்க, இல்ல நீங்க போங்க என்று நிற்பதுபோல. இதில் யாரும் போவதாக இல்லை.

ஆங்கிலத்தில் எழுத்து பாதியில் நிற்பதே கிடையாது. எனவே ஆங்கிலம் மட்டும் அடிப்பவர் ஆயுசுக்கும் இந்தப் பிழையைப் பார்த்திருக்க முடியாது. ஜப்பானியத்தில் அடிக்கும் உங்கள் சோதனையாளர் ஒருவர் அன்று மாலையே இதை வரவழைத்துக் காட்டிவிட்டார். கானா என்ற ஒலியெழுத்தில் அடித்து, காஞ்சி என்ற சீன வழி எழுத்தைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்யும்வரை அவர்களுக்கு அந்த அடிக்கோடு நெடுநேரம் நிற்கும். அவருக்கும் நெடுநாளாக ஹேங் ஆகிக்கொண்டுதான் இருந்ததாம். தன் பழைய மடிக்கணினியைத் திட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். கனடாவிலிருந்து எழுதிய ஈழத்து நண்பர், ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி அடிக்கும் அஞ்சல் விசைப்பலகையிலும் இது வருகிறது என்று உறுதிப்படுத்தினார். நான் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதியதை மற்றவர்களுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுத்தவரும் அவரே.

நிரலில் செய்த எந்த மாற்றத்தில் இது உள்ளே நுழைந்தது என்று தேடிய முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிட் பைசெக்ட் என்ற கருவி, மாற்றங்களின் பட்டியலைப் பாதிபாதியாக வெட்டிக்கொண்டே போகும். 1000 மாற்றங்கள் இருந்தாலும் சுமார் 10 படிகளில் பிடித்துவிடலாம். ஆனால் பத்து முயற்சிக்கு ஒருமுறைதான் வரும் பிழை என்றால், ஒரு பதிப்பில் அது இல்லை என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லவே தொடர்ந்து 29 முறை வராமல் இருக்க வேண்டும் என்று உங்களில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்துப் படிக்கும் அப்படியென்றால் யாரால் ஆகும்? அதனால் முதலில் பிழையை அடிக்கடி வரவழைப்போம் என்றார். என்னைச் சேமிப்பு இடைவெளியை 1 நிமிடமாகக் குறைக்கச் சொன்னார். தன் சோதனைப் பதிப்பில் அதைச் சில நொடிகளாகவே ஆக்கி, தானே விசைகளை அடிக்கும் ஒரு ஸ்கிரிப்டை இரவு முழுக்க ஓட விட்டார். ஒளிந்து விளையாடிய பிழை அதன்பின் கூப்பிட்டபோதெல்லாம் வந்தது.

இப்படி நேரப் பொருத்தத்தால் வரும் பிழைகள் பெரிய இடங்களையும் விட்டதில்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. அன்று ஒரு கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மணிகள் ஒலிக்காமல் போனதற்கு இதே வகைப் பிழை காரணம். முழுநேர வல்லுநர்கள் உட்கார்ந்து தேடியும் அதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆனது. நீங்கள் அலுவலகம் முடிந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வந்து தேடியிருக்கிறீர்கள்.

பிழையைச் சரிசெய்யும் நிரல் திருத்தமான பேட்ச்சை எழுதியவருக்கு எல்லோரும் நன்றி சொல்வார்கள், நானும் சொல்கிறேன். அதை உடனே ஏற்காமல் நிறுத்தி வைத்தவருக்கும் அதே அளவு நன்றி. எழுத்து பாதியில் நின்றால் அது முடியும்வரை சேமிப்பைத் தள்ளிப் போடலாம் என்பதுதான் முதல் பேட்ச். பாதி எழுத்தோடு ஒருவர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டால் கோப்பு சேமிக்கப்படாமலே கிடக்குமே என்று இவர் கேட்டார். சில நொடி பார்த்துவிட்டு, முடியாத அந்த எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சேமிக்கும்படி மாற்றினார்கள். வாக்குவாதம் கொஞ்சம் சூடாகவே போனது. பாதி எழுத்தோடு டீ குடிக்கப் போகும் ஆசாமி நான்தான் என்பதால் எனக்கு அது நல்லதாகவே முடிந்தது.

மாற்றம் அடுத்த பதிப்பில் வரும் என்றிருக்கிறீர்கள். அதன் சோதனை வடிவம் தயாரானதும் சொல்லுங்கள். கடையில் இருக்கும் பழைய கணினியில் நிறுவி, தமிழ்99, அஞ்சல் இரண்டிலும் அடித்துப் பார்த்து எழுதுகிறேன். பட்டியல் எடுக்கும் கட்டளைகளைத் தமிழில் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறேன்; உங்கள் உதவிப் பக்கங்களில் சேர்க்கலாம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்துத் தட்டச்சுக் கடைக்காரர்