பவுண்டை எண்ணியது போதும்: பி.டி.சி. நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

புரொஃபஷனல் டார்ட்ஸ் கார்ப்பரேஷன் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

2026 ஜனவரி 3 அன்று இரவு லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் அரங்கில் லூக் லிட்லர், கியான் வான் வீனை 7-1 என்ற செட் கணக்கில் வீழ்த்தி, பலகையில் அம்பெறியும் ஆட்டமான டார்ட்ஸின் உலகச் சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டதை நானும் கண்கொட்டாமல் பார்த்தேன். பத்தொன்பது வயதுகூட நிரம்பாத பையனுக்கு 10 லட்சம் பவுண்டு. அவர் ஆடிய ஆட்டத்துக்கு அது தகும். கொடுத்த உங்களுக்கும் பாராட்டு உரியது.

என் வருத்தம் அதற்கு அடுத்த நிமிடத்தில் தொடங்கியது. அந்தப் பத்து லட்சமும் ஒரு பென்னி குறையாமல் உலகத் தரவரிசையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு அது அங்கிருந்து இறங்காது.

எனவே கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தரவரிசையைப் பரிசுப் பணத்திலிருந்து பிரித்துவிடுங்கள். பரிசை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றுங்கள். வரிசையைப் புள்ளிகளை வைத்துப் போடுங்கள்.

ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற அந்த உலகத் தரவரிசை எப்படி இயங்குகிறது என்று உங்களுக்கே நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2007 முதல் நீங்கள் நடத்திவரும் கணக்கு அது. கடந்த இரண்டு ஆண்டுகளில் தரவரிசைக்குரிய போட்டிகளில் ஒருவர் வென்ற பவுண்டுகளைக் கூட்டினால் அவருடைய இடம் தெரிந்துவிடும். எளிமையானது, யாருக்கும் புரியக்கூடியது, ஒளிவுமறைவு இல்லாதது என்பீர்கள். மறுக்கவில்லை. சம்பளப் பட்டியலும் எளிமையானதுதான். அதைப் பார்த்து ஓர் அலுவலகத்தில் யார் நன்றாக வேலை செய்பவர் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

டென்னிஸில் விம்பிள்டனை வென்றவருக்கு 2,000 புள்ளி. ஆண்கள் சுற்றின் ஆகச் சிறிய போட்டியை வென்றவருக்கு 250. பெரியதற்கும் சிறியதற்கும் எட்டு மடங்கு வேறுபாடு. பரிசுத் தொகையில் வேறுபாடு இதைவிடப் பல மடங்கு என்றாலும், அது அவர்களுடைய வரிசையைத் தொடுவதில்லை. உங்களிடம் உலகச் சாம்பியனுக்கு 10,00,000. ஒரே நாளில் நடந்து முடியும் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் ஒன்றை வென்றவருக்குக் கடந்த ஆண்டு 15,000. அறுபத்தாறு மடங்கு! கடந்த ஆண்டு நடந்த 34 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்புகளையும் ஒரே மனிதர் வென்றிருந்தால்கூட (யாராலும் முடியாது, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்) அவர் கணக்கில் ஏறியிருப்பது 5,10,000. கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கும் உலகச் சாம்பியன்ஷிப்பின் ஒரு வெற்றியில் ஏறத்தாழப் பாதி.

எனக்கு அதைவிட உறுத்துவது அந்த 15,000தான். அலெக்ஸாண்ட்ரா பேலஸில் முதல் சுற்றிலேயே தோற்றவருக்கும் இம்முறை அதே 15,000. மூன்று செட்டையும் பறிகொடுத்துவிட்டு அரைமணி நேரத்தில் மேடையை விட்டு இறங்கியவரும், லெஸ்டரில் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் ஒன்றில் ஒரே நாளில் ஏழு பேரை வரிசையாகத் தோற்கடித்தவரும் உங்கள் பட்டியலில் சரிநிகர் சமானம். இதற்குத் தரவரிசை என்று பெயர் வைத்தவரைப் பார்த்தால் கைகுலுக்க ஆசை.

பரிசை நீங்கள் ஏற்றும்போதெல்லாம் இன்னொரு விபரீதமும் நடக்கிறது. 2025 ஜனவரியில் இறுதிப் போட்டியில் தோற்ற மைக்கேல் வான் கெர்வனுக்கு 2 லட்சம். 2026 ஜனவரியில் இறுதிப் போட்டியில் தோற்ற வான் வீனுக்கு 4 லட்சம். அதே அரங்கம், அதே கோப்பை, எதிரே நின்றவரும் அதே லிட்லர். வான் வீன் கூடுதலாக ஒரு சுற்று ஆடினார், அவ்வளவுதான். இரண்டு தொகைகளும் இன்று ஒரே பட்டியலில் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றதைப் போல் இரண்டு மடங்கு. வான் கெர்வன் செய்த ஒரே பிழை, உங்கள் விளம்பரதாரர்கள் தாராளமாவதற்கு ஓராண்டு முன்னதாக நன்றாக ஆடியது.

ஏறுவது இப்படி என்றால் இறங்குவது இன்னும் கொடுமை. மைக்கேல் ஸ்மித்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 இறுதிப் போட்டியில் வான் கெர்வனுக்கு எதிராக 501 என்ற எண்ணைப் பூஜ்யமாக்கும் ஆட்டப் பகுதியான லெக் ஒன்றை, இயன்றதிலேயே மிகக் குறைவான ஒன்பது அம்புகளில் முடித்து உலகையே எழுந்து நிற்கவைத்தவர். 5 லட்சம் பவுண்டுடன் உலகின் முதலிடத்துக்கு வந்தவர். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மேடைக்கு இரண்டாம் நிலை வீரராக வந்தார். கெவின் டூட்ஸிடம் தன் முதல் ஆட்டத்திலேயே 3-2 என்று தோற்றார். பழைய 5 லட்சம் கழிந்தது. முதல் பதினாறு பேருக்கும் வெளியே போய் விழுந்தார். அந்த ஓர் இரவில் அவர் அவ்வளவு மோசமான ஆட்டக்காரராகிவிட்டாரா? அல்லது அதற்கு முந்தைய நாள்வரை அவரை இரண்டாம் இடத்தில் வைத்திருந்த உங்கள் கணக்கு பொய்யா? இரண்டில் ஒன்று உண்மையாக இருந்தாக வேண்டும். அன்று கழிந்தது 5 லட்சம். 2028 ஜனவரியில் கழியப்போவது 10 லட்சம்.

ஆனால் ஸ்மித்துக்காகக் கண்ணீர் விட நான் இதை எழுதவில்லை. அவர் சம்பாதித்ததைச் சம்பாதித்துவிட்டார். என் மனத்தை அறுப்பது பட்டியலின் அடிவரிசை.

உங்கள் சுற்றில் ஆட உரிமை தரும் டூர் கார்டு என்ற அட்டையை வைத்திருக்கும் 128 பேரில் பெரும்பாலானோரைத் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய உலகம் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்புகள் நடக்கும் விகன், லெஸ்டர், மில்டன் கீன்ஸ், ஹில்டஸ்ஹைம். வார நாள். பெரிய கூடம், வரிசையாகப் பலகைகள், பார்வையாளர் கிடையாது. பாட்டு இல்லை, வேடம் போட்டுக்கொண்டு வந்த கூட்டம் இல்லை. அம்பு பலகையில் குத்தும் ஓசையும் எண்ணைச் சொல்லும் குரலும் மட்டும். முதல் சுற்று பதினொரு லெக். ஆறை முதலில் எடுப்பவர் வென்றார். ஓர் ஆட்டக்காரர் 5-5 வரை வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி லெக்கில் 32 மிச்சம். எண்ணை இரட்டிப்பாக்கும் ஓரத்து வளையத்தில் குத்தித்தான் லெக்கை முடிக்க வேண்டும்; ஆகவே டபுள் 16-ஐக் குறிவைக்கிறார். முதல் அம்பு கம்பிக்கு மயிரிழை வெளியே. இரண்டாவது உள்ளே நழுவி ஒற்றை 16-இல் போய்க் குத்துகிறது. மூன்றாவதற்கு டபுள் 8 வேண்டும். அம்பு கம்பியில் பட்டுத் தெறித்துத் தரையில் விழுகிறது. எதிராளி வந்து நிதானமாக முடித்துவிட்டுப் போகிறார்.

இந்த மனிதருக்கு அன்றைய வருமானம் பூஜ்யம். விமான டிக்கெட், ஓட்டல், சாப்பாடு எல்லாம் அவர் கைக்காசு. சரி, தோற்றவருக்குப் பணம் தர வேண்டும் என்று நான் வாதாடவில்லை. வணிகம் என்றால் அப்படித்தான். ஆனால் பணம் இல்லாததால் அவருக்குத் தரவரிசையிலும் பூஜ்யம். 6-5 என்று போராடித் தோற்றவருக்கும், 6-0 என்று மண்ணைக் கவ்வியவருக்கும், அன்று வீட்டிலேயே போர்த்திக்கொண்டு தூங்கியவருக்கும் ஒரே எண். இது வேறு எந்தக் காரணத்தாலும் அல்ல, உங்கள் அளவுகோல் பவுண்டு என்பதால். பவுண்டு ஒருவர் பையிலிருந்து வர வேண்டும். ஆகவே அதைக் கிள்ளித்தான் கொடுக்க முடியும். புள்ளிக்கு யாரும் பணம் கட்ட வேண்டாம். முதல் சுற்றில் தோற்றவருக்கு ஒரு புள்ளி, உலகின் முதல் எட்டுப் பேரில் ஒருவரை முதல் சுற்றிலேயே சாய்த்தவருக்குக் கூடுதலாக இரண்டு என்று எழுதிவைக்க உங்களுக்கு ஒரு காகிதமும் ஒரு பேனாவும் போதும்.

இதன் முடிவு எங்கே போய் நிற்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. உலகச் சாம்பியன்ஷிப் முடிந்ததும் பட்டியலில் 64-க்குக் கீழே ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்கு மேலே இருப்பவர் பிழைத்தார். 65-ஆவது ஆளின் இரண்டாண்டு அட்டை முடிந்திருந்தால் அவர் வெளியே. புத்தாண்டு பிறந்த சூட்டோடு, மில்டன் கீன்ஸிலோ ஜெர்மனியின் கால்கரிலோ நடக்கும் க்யூ ஸ்கூல் என்ற தகுதிப் போட்டியில், நூற்றுக்கணக்கானவர்களோடு அவர் மறுபடியும் முட்டி மோத வேண்டும். மோதி, அட்டையைத் திரும்ப வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அவருடைய பழைய தொகையை அழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள். போன ஆண்டு அவர் வென்ற ஆட்டங்கள் நடக்கவே இல்லை என்பது போல. வருமான வரித் துறை மட்டும் அப்படி நினைப்பதில்லை.

64-க்கும் 65-க்கும் நடுவே இருப்பது சில நேரம் ஒரே ஓர் ஆட்டத்தின் தொகை. அந்த ஓர் ஆட்டம் மேலே சொன்ன டபுள் 8 ஆகவும் இருக்கலாம்.

இன்னொன்று, உலகத் தரவரிசை என்கிறீர்களே, அதைப் பற்றி. கடந்த டிசம்பரில் நிதின் குமார், ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2 என்று வென்று, உங்கள் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியரானார். அதே தொடரில் சிங்கப்பூரின் பால் லிம் 71 வயதில் ஓர் ஆட்டத்தை வென்றார். 1990-இலேயே உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் ஒன்பது அம்பு லெக்கை எறிந்து காட்டியவர் அவர். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, நீங்களும் காணொலிகளைப் போட்டு மகிழ்ந்தீர்கள். ஆனால் ஆசியச் சுற்றில் ஒருவர் எத்தனை போட்டிகளை வென்றாலும் அந்தப் பணத்தில் ஒரு பவுண்டுகூடப் பிரதானப் பட்டியலில் சேராது. அதற்கென்று தனிப் பட்டியல். பெண்கள் தொடருக்கும் தனிப் பட்டியல். கடந்த அக்டோபரில் இளையோர் உலகச் சாம்பியன்ஷிப் அரையிறுதியில் லிட்லரையே 6-5 என்று வெளியேற்றினார் போ கிரீவ்ஸ். பெண்கள் தொடரில் ஆண்டுக்கணக்காக அவர் குவித்த வெற்றிகள் எல்லாம் உங்கள் பிரதானக் கணக்கில் காற்றோடு போனவை. மணிலாவிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் ஒருவர் விசா வாங்கி, ஜனவரிக் குளிரில் இங்கிலாந்து வந்து, அட்டை வென்று, அப்புறம் மாதத்துக்கு இரண்டு முறை விகனுக்கும் ஹில்டஸ்ஹைமுக்கும் பறக்க வேண்டும். அதன் பிறகுதான் உலகம் அவரை எண்ணத் தொடங்கும். இந்த உலகம் ஏறத்தாழ வட கடலின் இரு கரைகளோடு முடிந்துவிடுகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு வெகுதூரம் போய்விட்டேன். ஆனால் இதுவும் அதே கோரிக்கைக்குள் அடங்குவதுதான். புள்ளிக் கணக்கு வந்தால் ஆசியச் சுற்றின் வெற்றிக்கும் பெண்கள் தொடரின் வெற்றிக்கும் ஒரு சிறிய எடையாவது கொடுக்கலாம். பரிசுத் தொகை சிறியது என்பதற்காக ஆட்டமும் சிறியதாகிவிடாது.

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பணம் வேறு, தரவரிசை வேறு என்பதை நீங்களே ஏற்கெனவே விதியாக எழுதிவைத்திருக்கிறீர்கள். 2024-இல் லிட்லர் பிரீமியர் லீக்கை வென்று 2,75,000 பவுண்டு எடுத்தார். அது அழைப்பின் பேரில் நடக்கும் போட்டி என்பதால் தரவரிசையில் ஒரு பவுண்டும் ஏறவில்லை. ஐரோப்பியச் சுற்றில் தரநிலை (சீடு) பெற்ற வீரர் தன் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் பணம் அவர் கைக்குப் போகிறது, பட்டியலுக்குப் போவதில்லை. ஒரு வெற்றியும் இல்லாமல் வரிசையில் ஏறக்கூடாது என்ற அந்த விதி மிகச் சரியான விதி. அதே நியாயம் அலெக்ஸாண்ட்ரா பேலஸின் வாசலில் ஏன் நின்றுவிடுகிறது? உலக டார்ட்ஸ் கூட்டமைப்பும் போட்டிகளைத் தரம் பிரித்துப் புள்ளிதான் கொடுக்கிறது. உங்கள் பண பலத்தில் சிறு பங்கும் இல்லாதவர்கள் செய்வதை நீங்கள் செய்ய முடியாதா?

உலகச் சாம்பியன்ஷிப்புக்குக் கூடுதல் எடை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பத்து மடங்கு கொடுங்கள், பதினைந்துகூடக் கொடுங்கள். அதை நீங்கள் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யுங்கள். தொலைக்காட்சி ஒப்பந்தமும் விளம்பரதாரரும் உங்களுக்குப் பதிலாக முடிவு செய்ய வேண்டாம். இந்தப் பட்டியலை வைத்துத்தான் பிரீமியர் லீக்குக்கு முதல் நான்கு பேர் போகிறார்கள், பிளாக்பூலில் நடக்கும் மேட்ச்பிளேவுக்குப் பதினாறு பேர் போகிறார்கள், யாருடைய அட்டை பிழைக்கிறது என்பதும் தீர்கிறது. இவ்வளவையும் சுமக்கும் பட்டியல் ஒரே போட்டியின் காசோலையால் சாய்ந்துவிடக்கூடாது.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். தரவரிசையைப் பரிசுப் பணத்திலிருந்து பிரியுங்கள். ஒவ்வொரு போட்டிக்கும் எத்தனை புள்ளி என்று ஓர் அட்டவணை தயாரித்து, ஆட்டக்காரர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டு, 2027 பருவம் தொடங்கும் முன் வெளியிடுங்கள். அட்டையைத் திரும்ப வென்று வருபவரின் பழைய கணக்கை அழிக்கும் விதியை அதற்கும் முன்னதாக, இந்த ஆண்டிலேயே, நீக்குங்கள். பணப்பட்டியலும் இருக்கட்டும்; யார் எவ்வளவு சம்பாதித்தார் என்று தெரிந்துகொள்வதில் எங்களுக்கும் ஆர்வம் உண்டு. அதைத் தனிப் பக்கத்தில் போடுங்கள்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
லண்டனில் வாழும் ஒரு டார்ட்ஸ் ரசிகன்