இரண்டு கோட் போதும் என்றீர்கள், ஐந்து அடித்தும் சுவர் சிவக்கவில்லை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்ற ஒரே பதில்தான் வந்தது. பதிவு செய்து என்ன செய்தீர்கள்?

கூடத்தில் ஒரே ஒரு சுவருக்குத்தான் உங்கள் அடர் சிவப்பு பெயின்டை வாங்கினேன். டின்னில் ‘இரண்டு கோட் போதும்’ என்று அச்சிட்டிருக்கிறது. வெள்ளைச் சுவரில் முதல் கோட் ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாக நின்றது. இரண்டாவதில் ரோலர் போன தடமெல்லாம் வரி வரியாகத் தெரிந்தது. ஐந்து கோட் ஆகிவிட்டது. விளக்கைப் போட்டால் ஜன்னல் ஓரத்தில் இன்னும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது.

உங்கள் கஸ்டமர் கேரில் பேசியவரை மட்டும் என்னால் மறக்கவே முடியாது. “சிவப்புன்னா அப்படித்தான் சார், பேசாம வெள்ளையே அடிச்சிருக்கலாமே” என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது?

கடைசியில் ஒரு பெயின்டர்தான் விளக்கினார். சுவரை மூடுவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியாம். அதைச் சேர்த்தால் சிவப்பு வெளுத்துவிடும் என்பதால், அது ஏறக்குறைய இல்லாத பேஸில்தான் (நிறம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படை பெயின்ட்) அடர் சிவப்பைக் கலப்பார்களாம். அதனால் முதலில் சாம்பல் நிற பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்க வேண்டுமாம். அவருக்குத் தெரிந்தது, தயாரிக்கிற உங்களுக்குத் தெரியாதா? டின்னில் ஒரு வரி போட இடமில்லையா?

அதற்கு முன்பே உங்கள் சேவை மையத்துக்கு வேறு அலைந்தேன். ஷேடு எண் ஒட்டிய மூடியைக் கொண்டு வரச் சொன்னார்கள். கொண்டு போனேன். மூடி போதாது, டின் வேண்டும் என்றார்கள். மறுநாள் டின்னோடு போனால், சோதித்துப் பார்ப்பவர் விடுப்பாம்! மூடி ஒழுகி என் பைக்குள் ஏறிய சிவப்பு மட்டும் ஒரே கோட்டில் அழகாகப் பிடித்திருக்கிறது. சொல்ல மறந்துவிட்டேன், சுவரை ஈரத்துணியால் துடைத்தால் துணியும் சிவக்கிறது.

இந்தச் சுவரால் வீடே பாழாகிவிட்டது, ஒரு மாத நிம்மதியும் போய்விட்டது. தயவுசெய்து ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் பிரைமரும், சுவர் முழுவதற்கும் போதுமான, ஒரே பேட்ச் பெயின்டும் உங்கள் செலவில் வர வேண்டும். ஏழு நாள் பார்ப்பேன். அப்புறம் நுகர்வோர் நீதிமன்றம்தான். டின், மூடி, பை மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பொறுமை இழந்த வாடிக்கையாளர்