தூணுக்குள் இருந்த செங்கல்

அன்புள்ள ரங்கா,

நீ பொங்கலுக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் எழுத ஆடி மாசம் ஆகிவிட்டது. திட்டுவதாக இருந்தால் இதைப் படித்து முடித்துவிட்டுத் திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் காலேஜ் சேர்ந்துவிட்டாள். பாண்டி மாமா வழக்கம்போலத்தான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய வீட்டை ரிப்பேர் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். முன் தாழ்வாரத்தில் வரிசையாக எட்டுத் தூண், உச்சியில் இலை இலையாகச் சுருண்டிருக்கும் கொரிந்தியன் தூண்கள். ஒன்றின் தலையில் அரசங்கன்று முளைத்து வேர் இறங்கியிருந்தது. அதைப் பிடுங்கும்போது ஒரு முழத்துக்குப் பூச்சு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே கல்லைத்தான் எதிர்பார்த்தேன். இருந்தது செங்கல். அதுவும் நாம் பார்க்கிற செவ்வகச் செங்கல் கிடையாது. தர்பூசணித் துண்டு மாதிரி, வெளிப்பக்கம் வளைந்து உள்பக்கம் குறுகி, தூணின் வட்டத்துக்கென்றே தனியாக அச்சுச் செய்து அறுத்துச் சுட்ட செங்கல். ஒன்றில் யாரோ ஈரமாக இருக்கும்போது கட்டை விரலை அழுத்திய பள்ளம் அப்படியே இருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

பெயர்ந்த பூச்சில் மூன்று படை. உள்ளே சொரசொரப்பான காரை, அதன்மேல் நைசான படை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே நகத்தின் கனம்கூட இல்லாத ஒரு தோல். அதுதான் மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, ஈரம் காயக் காயக் கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் பளிங்கா, பூச்சா என்று கண்ணுக்குத் தெரியாது. இந்த வெயிலிலும் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கிறது.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். “வெள்ளைக்காரன் தூண்தானே சார், தட்டிவிட்டு கான்கிரீட்டில் நாலு தூண் ஏற்றி கிரானைட் ஒட்டிவிடலாம்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஹாஸ்டல் மொட்டை மாடியில் நீ சொன்னதும் இதே வார்த்தைதான். ஞாபகம் இருக்கிறதா? மடியில் வயலினை வைத்துக்கொண்டு, “இதெல்லாம் இரவல் கட்டடம்டா, இடிந்தால் நமக்கென்ன” என்றாய். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் மடியில் இருந்தது என்ன? பாலுஸ்வாமி தீட்சிதர் மணலியில் இருந்தபோது ஒரு ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்ட வாத்தியம். கோட்டையில் பேண்டு கேட்டுவிட்டு வந்த அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கே சமஸ்கிருத சாகித்யம் எழுதினார், அவைதான் நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டில் ‘சந்ததம் பாஹிமாம்’ என்று சங்கீத சியாமளையைக் கூப்பிட்டார். கம்பெனி ஆட்சியில், கோட்டைக்குப் பக்கத்திலேயே, ராஜாவின் இடத்தில் சரஸ்வதி மாதிரி ஒருத்தியை உட்கார வைத்த மனுஷன்! நீயோ நோட்டுஸ்வரத்தைக் குழந்தைப் பாட்டு என்று ஒதுக்கிவிடுவாய். ஸ்வரத்தை அசைக்கிற கமகம் இல்லாத சங்கராபரண ராகம் உனக்குச் சப்பென்று இருக்கலாம். ஆனால் அந்த வயலின் இங்கே வந்து என்ன ஆனது என்று நீயே எத்தனை தடவை எனக்குச் செய்து காட்டியிருக்கிறாய்! தரையில் உட்கார்ந்து, தலைப்பக்கத்தைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ஸ ப ஸ ப என்று சேர்த்து, தோடியில் காந்தாரத்தை அசைப்பாயே, அதை இன்றைக்கு யார் இரவல் என்று சொல்வார்கள்?

தூணுக்கும் நடந்தது அதேதான் ரங்கா. எழும்பூர் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்தை எத்தனை தடவை ரயிலில் இருந்து பார்த்திருப்போம். 1821இல் முடிந்த கட்டடம், டி ஹாவிலண்ட் என்ற ராணுவ என்ஜினியர் கட்டியது. லண்டன் தேவாலயம் ஒன்றை மனதில் வைத்துத்தான் வரைந்தார். உள்ளே 16 கொரிந்தியன் தூண், அவற்றின்மேல் நீல நிறக் குவிமாடம். ஆனால் அந்த இடம் பொதபொதவென்ற மண். அதில் இவ்வளவு பாரத்தை எப்படி ஏற்றினார்? நம்மூர் ஆட்கள் கிணறு இறக்குகிற முறையில் கிட்டத்தட்ட 150 கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் அஸ்திவாரம் போட்டார். மேலே கிரேக்கம், கீழே கிணறு. இருநூறு வருஷமாக அசையவில்லை.

அந்த இலை விஷயம் உனக்காகவே எழுதுகிறேன், கிள்ளை ஊர்க்காரன் நீ. கொரிந்து ஊரில் இறந்துபோன ஒரு பெண்ணின் சமாதியில், அவள் ஆசைப்பட்ட சாமான்களைக் கூடையில் போட்டு, மேலே ஓடு ஒன்றை மூடி வைத்தாளாம் அவளை வளர்த்த தாதி. கூடைக்கு அடியில் இருந்த செடி வசந்தத்தில் துளிர்த்து, கூடையைச் சுற்றி ஏறி, ஓட்டின் மூலையில் முட்டிச் சுருண்டதாம். அந்த வழியாக வந்த ஒரு சிற்பி அதைப் பார்த்துத்தான் தூணின் தலையைச் செதுக்கினான் என்று ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார். செடியின் பெயர் அகாந்தஸ். அதன் பங்காளி எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் பிச்சாவரம் உப்பங்கழியில்! நண்டு பிடிக்கப் போய்க் காலெல்லாம் கீறிக்கொண்டு வருவாயே, அந்தக் கழிமுள்ளிதான். ஒரே பேரினம். ஜார்ஜ் டவுன் வீட்டில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். அந்தக் கொத்தனார் கிரேக்க இலையைக் கண்டிருக்க மாட்டார். எட்டுத் தூணில் ஆறாவதில் மட்டும் இலையின் நுனி வாழைப்பூ மடல் மாதிரி வழுவழுப்பாக, ஓரம் சுருண்டு இருக்கிறது. அன்றைக்கு வேறொரு கை வேலை செய்திருக்கிறது.

உன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ராஜாஜி ஹாலின் அந்தப் பெரிய தூண்களை 1802இல் நிறுத்தியதே திப்புவை வென்றதைக் கொண்டாடத்தான். அதைப் பார்க்கும்போது எனக்கும் நெஞ்சில் ஏதோ அடைக்கும். ஆனால் எல்லாம் தலையில் கட்டியது என்று சொல்லிவிட முடியாது. தஞ்சாவூர் போயிருந்தபோது சிவகங்கைக் குளத்துக்குப் பக்கத்தில் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் கோயிலுக்குள் நுழைந்தேன். லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பி செதுக்கிய வெள்ளைப் பளிங்குப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. பாதிரியார் மரணப் படுக்கையில் கிடக்கிறார், சரபோஜி மன்னர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கட்டில் அருகே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பழைய ரோமானியக் கல்லறைச் சிற்பம் மாதிரி எல்லாம் அடக்கமாக, அமைதியாக இருக்கிறது. அதைச் சொல்லிச் செய்வித்தவர் சரபோஜியே. பாதிரியாரின் கல்லறைக் கல்லில் இருக்கிற ஆங்கிலக் கவிதையும் மன்னர் எழுதியதுதான். தன்னை வளர்த்தவர் செத்ததற்கு ஒரு மராட்டிய ராஜா அழுத அழுகை அது. அந்தப் பிடித்த கையின்முன் ரொம்ப நேரம் நின்றேன். அப்பாவின் கையை நான் கடைசியாகப் பிடித்ததும் அப்படித்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன். காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தேன். எழுபது தாண்டியவர். பூச்சை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “கடுக்காயும் போட்டிருக்கான் தம்பி” என்றார். சிமெண்டைக் கிட்டே கொண்டுவரக் கூடாது, பழைய செங்கல் மூச்சு விட முடியாமல் உப்புப் பூத்து உதிர்ந்துவிடும் என்கிறார். எனக்கும் அது தெரியும். நான் சொன்னபோது வீட்டுக்காரர் காதில் ஏறவில்லை. பெரியவருக்கு முழங்கால் முடியவில்லை, கூட வந்த பேரன் டெலிவரி வேலைக்குப் போகிறான். அவர் கை இருக்கும்போதே எட்டுத் தூணையும் முடித்து, நம் பையன்கள் இரண்டு பேரையாவது பக்கத்தில் நிறுத்திப் பழக்கிவிட வேண்டும் என்பதுதான் ராத்திரியெல்லாம் என் கவலை.

வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பத்திரம் அவருடைய அம்மாவின் பெயரில் இருக்கிறது. எண்பத்து மூன்று வயது. தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுப்பார். காது கொடுத்துக் கேட்டேன். நோட்டுஸ்வரம்டா! சின்ன வயதில் அதே தாழ்வாரத்தில் பாட்டு வாத்தியார் சொல்லிக் கொடுத்ததாம்.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயலினை எடுத்துக்கொண்டு வா. காலை ஒன்பதுக்குள் வந்துவிடு, அப்புறம் வெயில் தாழ்வாரத்துக்குள் வந்துவிடும். ஆறாவது தூணுக்குக் கீழே பாய் போட்டு வைக்கிறேன். அந்த அம்மாவுக்கு ‘சந்ததம் பாஹிமாம்’ வாசி. நீ வழக்கமாகச் செய்கிற மாதிரி பாதியில் கல்யாணிக்குத் தாவிவிடாதே.

இந்தக் கவரில் பூச்சுத் துண்டு ஒன்றைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். வழவழப்பான பக்கத்தை விரலால் தடவிப் பார். வரும்போது மறக்காமல் எடுத்து வா, பெரியவர் அளவு பார்க்க அது வேண்டும்.

உன்,
சேது