இரண்டு வரி அனுப்புகிறவர்களுக்காக

ஆசிரியருக்கு வணக்கம்.

முழுக் கவிதையையும் படிக்காமல், பிடித்த இரண்டு வரியை மட்டும் எடுத்துக் கைப்பேசியில் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு ரசனையே கிடையாது என்று போன ஞாயிறு ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதி எனக்கும் சம்மதம்தான், அதிலும் யார் எழுதியதென்றே தெரியாத வரிக்குக் கீழே பாரதியார் என்று போட்டு அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது குற்றம் என்றால், அந்தப் பழியை முதலில் சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் மேல்தான் போட வேண்டும்.

குறுந்தொகையில் பாட்டு பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான். அதிலும் பெயர் தெரியாத புலவருக்கு அவர் பாட்டில் வரும் ஒரு தொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், கல்பொரு சிறுநுரையார், மீனெறி தூண்டிலார். யாரோ ஒருவருக்கு மனசு அந்த இடத்தில் போய் நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

41ஆம் பாட்டின் அணிலாடு முன்றிலாரும் அப்படி வந்தவர்தான். காதலர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர் மாதிரி இருப்பேன், போய்விட்டால் ஆட்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீடு மாதிரி ஆகிவிடுவேன் என்கிறாள் தலைவி. படிக்கிற காலத்தில் உவமை என்று எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி. ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, அணிலுக்கு அங்கே ஒரு வருத்தமும் இல்லை, விரட்ட ஆளில்லாத சந்தோஷத்தில் அது பாட்டுக்கு ஓடுகிறது. திருவிழா வரி இன்றைக்கும் என்னை ஒன்றும் செய்வதில்லை.

இதைச் சொன்னால் என் அக்கா சிரிப்பாள். அவளுக்குக் கவிதை வாய்விட்டுப் படிக்கத்தான். வெண்பாவின் ஈற்றடி மூன்றே சீரில் சட்டென்று நிற்கிற இடத்தில் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவாள். புதுக்கவிதைப் புத்தகம் கொடுத்தால் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இது எங்கேடி நிற்குது?" என்று திருப்பித் தந்துவிடுவாள். நானும் விளக்கிப் பார்த்து விட்டுவிட்டேன், விளக்கி யாருக்காவது ஒரு கவிதை பிடித்திருக்கிறதா என்ன.

பிடித்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது என் பழக்கம். இருபது வருடத்துக்கு முன்பு படித்த ஒரு தொகுப்பை அண்மையில் எடுத்தால், பல புள்ளிகளை எதற்கு வைத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஒரு பக்கத்தில், புள்ளி வைத்த வரிக்கு இரண்டு வரி கீழே அப்போது கண்ணிலேயே படாத ஒன்று இருந்தது. பழைய புள்ளியை அழிக்க மனம் வரவில்லை. அதற்கும் ஒன்று வைத்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி