பெனால்டியைத் தவறவிட்ட பொடியனின் படம் எதற்கு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை நகரில் சின்னதாக ஒரு தையல்கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, சட்டை, பிளவுஸ் என்று தொடங்கிய கடை. இப்போது விளையாட்டுக் கழகங்களின் ஜேர்சிதான் பாதிச் சோறு போடுகிறது. இறுதிப் போட்டிக்கு முதல் கிழமை கடைக்கு வரும் முகங்களையும், தோற்ற பிறகு பாக்கிப் பணம் கொடுக்க வரும் அதே முகங்களையும் பார்க்கிறவன் நான்.

அண்மையில் உங்கள் வாசகர் ஒருவர், எங்கோ ஒரு நாட்டு அணி தோற்றதற்கு இங்கே பிள்ளைகள் சாப்பிடாமல் கிடக்கிறார்கள், இதென்ன பைத்தியம் என்று எழுதியிருந்தார். பைத்தியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கோபப்பட வேண்டிய இடம் அதுவல்ல என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் ஆர்ஜென்டினா ஆள். 2014 உதைபந்தாட்ட உலகக் கிண்ண இறுதிப் போட்டி எங்கள் நேரப்படி நள்ளிரவு 12.30க்குத் தொடங்கியது. எங்கள் ஹிகுவெய்ன் தனியாக நின்றும் பந்தை வெளியே அடித்தார். பிறகு அவர் போட்ட கோல் ஓஃப்சைட் என்று செல்லாமல் போனது. மேலதிக நேரத்தில், 113வது நிமிடத்தில், ஜெர்மனியின் கோட்சே பந்தை நெஞ்சில் வாங்கி உள்ளே அடித்தார். அவ்வளவுதான். அன்று கடை திறக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மனைவி காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். தெருவில் பட்டாசு வெடித்தது. கொளுத்தியது யார் தெரியுமா? அதே வாரம் அதே ஜெர்மனியிடம் ஏழு கோல் வாங்கிய பிரேசில்காரர்கள்! அதற்குப் பிறகு 2015, 2016 என்று தென் அமெரிக்க நாடுகளின் கிண்ணமான கோபா அமெரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு இறுதிப் போட்டி. இரண்டிலும் ஆட்டம் சமநிலையில் முடிந்து, அணிக்கு ஐந்து உதை என்ற பெனால்டியில் சிலியிடம் தோல்வி. 2016இல் மெஸியே பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டு, இனித் தேசிய அணி வேண்டாம் என்றார். (கொஞ்ச நாளில் மனம் மாறினார். 2022இல் உலகக் கிண்ணமும் கிடைத்தது. அன்று நான் கடையைப் பூட்டியது வேறு காரணத்துக்கு.)

தோற்ற இரவு முதலில் கோபம்தான் வரும். நடுவர் மீது, பயிற்றுநர் மீது, பக்கத்தில் இருந்து சத்தம்போட்ட மச்சான் மீது. கோபம் ஆறினால் "அந்தப் பந்து மட்டும் உள்ளே போயிருந்தால்" என்று தொடங்கும். அது ஒரு மாதமானாலும் விடாது. வாளியில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட ஹிகுவெய்ன் கண்ணுக்கு முன்னால் வருவார். இதெல்லாம் யாருக்கும் கெடுதல் செய்கிற பைத்தியமில்லை. ஒரு பிள்ளை அழுதால் அழட்டும், ஒருநேரம் சாப்பிடாவிட்டால் செத்துப்போகாது.

ஆனால் "அந்தப் பந்து போயிருந்தால்" என்பது "அவன் போட்டிருந்தால்" என்று மாறும் இடம் ஒன்று இருக்கிறது. எனக்குப் பயம் அங்கேதான்.

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் பகுதிக் கழகம் ஒரு சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் தோற்றது. ஜேர்சி நான் செய்தது. கடைசி உதையைத் தவறவிட்ட பொடியனுக்கு இன்னும் உயர்தரப் பரீட்சை முடியவில்லை. தலையில் கைவைத்து அவன் நின்ற படம் அன்றிரவே பேஸ்புக்கில் வந்தது. காலையில் அதற்கு மேல் எழுத்துப் போட்டு வட்ஸ்அப்பில் சுற்றியது. எதிரணிக்காரர் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை, செய்தது எங்கள் ஆட்கள். மைதானத்தில் அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள்.

அடுத்த கிழமை அவன் ஜேர்சியைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். "மாமா, பின்னால இருக்கிற பேரை எடுக்கலாமா?" என்று கேட்டான். முந்திய காலமென்றால் முடியும். இலக்கத்தைத் துணியில் வெட்டி வைத்துத் தைப்போம், பிளேடால் தையலைப் பிரித்தால் கழன்றுவிடும். இப்போது சப்ளிமேஷன். கடதாசியில் அச்சடித்துச் சூட்டில் அழுத்தினால் மை நூலுக்குள்ளேயே இறங்கிவிடும், எதைப் போட்டும் எடுக்க முடியாது. சொன்னேன். சரி மாமா என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். கழகத்துக்கு இன்னும் ஆடப் போகவில்லை என்று கேள்வி.

1994 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில், பிரேசிலுக்கு எதிரான பெனால்டியில் ரொபேர்ட்டோ பாஜியோ பந்தை மேலே அடித்ததால் இத்தாலி தோற்றது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இங்கே கரண்ட் இல்லாத காலம், கார் பற்றரியில் ஓடிய ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் தெருவே கூடி அதைப் பார்த்தோம். அவருக்கு முன்பே பரேசியும் மசாரோவும் தவறவிட்டிருந்தார்கள். பாஜியோ போட்டிருந்தாலும் மூன்றுக்கு மூன்று, பிரேசிலுக்கு இன்னொரு உதை மிச்சம் இருந்தது. அதைவிட, அரையிறுதி வரைக்கும், தோற்றால் வெளியே என்ற நொக்அவுட் ஆட்டங்களில் இத்தாலி போட்ட ஆறு கோலில் ஐந்து அவருடையது. அவர் இல்லாவிட்டால் இத்தாலி அந்த மைதானத்துக்கே வந்திராது. இந்தக் கணக்கைக் கடையில் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "அண்ணே, ஆனாலும் பாஜியோ..." என்று தொடங்குவார்கள்.

அதையும்விடப் பெரிய அநியாயம் பிரேசிலில் நடந்தது. 1950 உலகக் கிண்ணத்தின் கடைசி ஆட்டம், உருகுவேயோடு. மரக்கானா மைதானத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். பிரேசிலுக்குக் கிண்ணம் கிடைக்கச் சமநிலையே போதும். முதல் கோலும் அவர்களுடையது. ஆனால் உருகுவே ஒன்றைத் திருப்பியடித்து, 79வது நிமிடத்தில் கிஜ்ஜியா இரண்டாவதையும் போட்டுவிட்டார். பழி முழுவதும் கோல் காப்பாளர் பார்போசாவின் தலையில் விழுந்தது. அன்று பிரேசில் அணிந்தது வெள்ளைச் சட்டை. ராசியில்லை என்று அதையும் கைவிட்டார்கள். புதுச் சட்டைக்கு ஒரு பத்திரிகை போட்டி வைத்தது, கொடியின் நான்கு நிறமும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வென்றவர் உருகுவே எல்லையோரம் பிறந்த 19 வயது இளைஞர் அல்தீர் ஷ்லீ. இன்று என் கடையில் பொடியள் கேட்டுவாங்கும் மஞ்சள் ஜேர்சி அவர் வரைந்ததுதான். ஒரு தையல்காரனாக எனக்குப் பிடித்த கதை இது.

சட்டையை மாற்றியதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 1993இல் தேசிய அணியின் பயிற்சி முகாமைப் பார்க்கப் போன பார்போசாவை, ராசிகெட்டவர் என்று உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவர் எழுபது வயதைத் தாண்டியவர். 2000இல் இறக்கும்வரை அந்த ஒரு கோல் அவரை விடவில்லை.

அது அந்தக் காலம் என்று சொல்லவும் முடியாது. 2021 ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக்காகக் கடைசி உதையை எடுத்த சாகாவுக்கு வயது 19. அவரையும், அவரைப்போலத் தவறவிட்ட மற்ற இருவரையும் நிறத்தைச் சொல்லி இணையத்தில் ஏசினார்கள். பயிற்றுநர் சவுத்கேட் மட்டும், உதைப்பவர்களைத் தெரிவுசெய்தது நான், பொறுப்பும் என்னுடையது என்றார். 1996இல் அவரும் ஒரு பெனால்டியைத் தவறவிட்டவர்.

குரோஷியாவையும் சொல்ல வேண்டும். 2018 இறுதிப் போட்டியில் பிரான்ஸிடம் 4–2 என்று தோற்றுத் திரும்பினார்கள். 40 இலட்சம் பேர்தான் உள்ள நாடு. தலைநகரத் தெருக்களில் இலட்சக்கணக்கில் சனம். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வர அவர்களின் பஸ் மணிக்கணக்கில் ஊர்ந்தது. நாங்களோ தோற்ற அணியை மைதானத்திலேயே இருத்திவைத்து, பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி எல்லோரும் பேசி முடியும்வரை வெற்றி அணியின் பட்டாசைக் கேட்கவைக்கிறோம். இரண்டாமிடக் கிண்ணத்தை முதலில் கொடுத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு விட்டால் எந்த அதிதிக்கு என்ன குறை வந்துவிடும்?

சரி, உங்களிடம் வருகிறேன், ஐயா. குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பொடியனின் படம் உங்கள் விளையாட்டுப் பக்கத்திலும் வந்திருந்தது, பெயரோடு. "பெனால்டியைத் தவறவிட்டதால் கிண்ணம் பறிபோனது" என்று பெரிய எழுத்தில். 90 நிமிடத்தில் எங்கள் அணி போட்ட ஒரே கோலுக்குப் பந்து கொடுத்ததும் அவன்தான். செய்தியில் அது ஒரு வரிகூட இல்லை.

மெஸியும் பாஜியோவும் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கியவர்கள். அவர்களைப் பற்றி எதையும் எழுதுங்கள், வாசிக்க நானும் இருக்கிறேன். பின்னேரம் ரியூஷன் முடித்துவிட்டு மைதானத்துக்கு ஓடிவரும் பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிச் செய்தியில் யார் கோல் போட்டார்கள், யார் சிறந்த வீரர் என்று எழுதுங்கள். பெனால்டி 4–3 என்றால் 4–3 என்று போடுங்கள். தவறவிட்டவரின் பெயர் அதில் தேவையில்லை. பிரதேச செய்தியாளர்களுக்கும் இதைச் சொல்லிவைத்தால் நல்லது.

உங்கள் இணையப் பதிப்பில் அந்தப் படம் இன்னும் கிடக்கிறது. அதை எடுத்துவிட முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
தையல்கடைக்காரர் ஒருவர்,
திருகோணமலை.