ராமேஸ்வரத்தில் வண்டிக் கட்டணத்தை எழுதிவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டபின் நிலப்பகுதியிலேயே நின்றுவிட்ட ரயில்கள், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது முதல் மீண்டும் ராமேஸ்வரம் வரை செல்கின்றன. ஆடி, தை அமாவாசைக்கு வடசென்னையிலிருந்து பெரியவர்களை அழைத்துச் செல்லும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் தீவுக்குப் போய்ச் சேர்வது எளிதான அளவுக்கு, தீவுக்குள் சுற்றிவருவது எளிதாகவில்லை.

அண்மையில் என் தாயாருடன் விடியுமுன் ரயில் நிலையத்தில் இறங்கினேன். கோயில் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுதான். முதல் ஆட்டோக்காரர் சொன்ன தொகையைப்போல் இரு மடங்கு கேட்டார் அடுத்தவர். எது நியாயம் என்று பார்த்துக்கொள்ள அங்கே ஒரு பலகையும் எங்கள் கண்ணில் படவில்லை. ரயில் வராத இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் அந்த ஓட்டுநர்கள் பட்ட சிரமத்தை நான் மறக்கவில்லை; அவர்களுக்கு நியாயமான கூலி கிடைக்கத்தான் வேண்டும். எங்கள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓடும் ஷேர் ஆட்டோக்களில், எந்த நிறுத்தத்துக்கு ஆளுக்கு எவ்வளவு என்பது ஏறுபவருக்கும் ஓட்டுபவருக்கும் தெரிந்திருப்பதால் பேரத்துக்கு இடமில்லை. ரயில் நிலையம், பேருந்து நிலையம், அக்னி தீர்த்தம் ஆகிய மூன்றையும் இணைத்து அதேபோல் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஷேர் ஆட்டோக்களை மாவட்ட நிர்வாகம் முறைப்படுத்தலாம். கட்டணத்தைத் தமிழோடு இந்தியிலும் தெலுங்கிலும் எழுதிவைத்தால், வடக்கிலிருந்து வரும் யாத்திரிகர்களும் ஏமாற மாட்டார்கள்.

தனுஷ்கோடிப் பயணம் இதைவிடக் கவலைக்குரியது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊருக்கு, 2017இல் அதன் கடைக்கோடி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும்வரை, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் குலுங்கிச் செல்லும் வேன்களே துணை. இப்போது ராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரை அரசுப் பேருந்திலேயே குறைந்த செலவில் கடந்துவிடலாம். நாங்களும் அப்படித்தான் போனோம். இருபுறமும் கடல் தெரிய ஜன்னலோரம் அமர்ந்திருந்த என் தாயாரின் முகத்தை என்னால் மறக்க முடியாது. திரும்பும்போதுதான் சிக்கல். இருட்டுவதற்குள் எல்லோரும் வெளியேறிவிட வேண்டிய இடம் அது. அடுத்த பேருந்து எப்போது, கடைசிப் பேருந்து எது என்று நாங்கள் நின்ற இடத்தில் எழுதப்படவில்லை. கேட்டவர்கள் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். நிழலற்ற அந்த மணல்வெளியில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, முதியவரைக் காக்கவைக்க மனமின்றி, கேட்ட தொகையைக் கொடுத்து ஆட்டோவில் திரும்பினோம்.

அரிச்சல்முனையில் ஒரு நிழற்கூடமும், புறப்படும் நேரங்களையும் கடைசிப் பேருந்தையும் குறிக்கும் பலகையும் வைக்க அதிகப் பணம் தேவைப்படாது. கூட்டம் பெருகும் அடுத்த அமாவாசைக்கு முன்பாகவே இதைச் செய்து தருமாறு சம்பந்தப்பட்ட அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81.