கிணற்றின் கட்டுமானப் பதிவு இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்

எரிபொருள் கசிந்த நிலங்களின் ஆய்வறிக்கைகளுக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பெட்ரோல், டீசல் தொட்டிகள் கசிந்த நிலங்களில் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, ‘மாசு கண்டறியப்படவில்லை’ என்று முடியும் அறிக்கைகள் உங்கள் பார்வைக்கு வருகின்றன. ஆய்வக அட்டவணையைப் புரட்டும் முன், கிணறு எப்படிக் கட்டப்பட்டது என்ற விவரத்தையும், துளையிடும்போதே எழுதப்பட வேண்டிய மண் அடுக்குப் பதிவையும் கேட்டு வாங்குங்கள் என்பதே என் கோரிக்கை.

காரணம் எளியது. பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை. மண்ணில் இறங்கி நீர்மட்டத்தை எட்டியதும் அதை ஒட்டியே பரவுகின்றன. ஆகவே கிணற்றுக்குள் இறக்கும் குழாயில், நீர் உள்ளே புகுவதற்காகத் துளையிட்ட பகுதி, பருவத்துக்கேற்ப நீர்மட்டம் ஏறி இறங்கும் உயரம் முழுவதையும் தழுவி நிற்க வேண்டும். அப்பகுதி முழுவதுமாக நீரில் மூழ்கியிருந்தால், மிதக்கும் எரிபொருள் கிணற்றுக்குள் நுழைய வழியே இல்லை. அது குழாயின் துளையற்ற சுவருக்கு வெளியே நிற்க, கிணறோ ஒன்றுமில்லை என்று சாட்சி சொல்லும். ஆய்வகத்தில் எவ்வளவு நுட்பமான கருவி இருந்தாலும் இந்தப் பிழை அதன் கண்ணில் படாது.

கட்டுமானத்தில் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். பி.வி.சி. குழாய்களைப் பசையால் ஒட்டாமல் மரையிட்டு இணைத்திருக்க வேண்டும். பசையிலுள்ள கரைப்பான்கள் நீரில் கலந்து, சோதனை முடிவிலும் தலைகாட்டும். துளையிட்ட பகுதியைச் சுற்றி நிரப்பிய மணலுக்கு மேல் பெண்டோனைட் களிமண் அடைப்பு இல்லையென்றால், மேல்மண்ணில் சிந்திய எரிபொருள் குழாயை ஒட்டியே கீழிறங்கும். மாசைக் கண்காணிக்கப் போட்ட கிணறே அதற்குப் பாதையாகிவிடும்.

கிணறுகளின் இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீரோட்டத்தின் திசையை அறிய, ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். அவற்றின் குழாய் விளிம்புகளின் உயரம் துல்லியமாக அளக்கப்பட்டிருக்க வேண்டும்.

மண் மாதிரியில்தான் அலட்சியம் மிகுதி. பெட்ரோலில் கலந்திருக்கும் பென்சீன் எளிதில் ஆவியாகக் கூடியது. எடுத்த மண்ணைத் தட்டில் கொட்டிக் கிளறி, பையில் கட்டி வெயிலில் வைத்துவிட்டு, மாலையில் ஆய்வகத்துக்கு அனுப்பினால், தேடிய பொருளில் பெரும்பங்கு காற்றோடு போயிருக்கும். மண் உருளையை வெட்டித் திறந்தவுடன், கையடக்க ஆவி அளவி எங்கே உச்சம் காட்டுகிறதோ அங்கிருந்து ஐந்து கிராம் அளவிலான சிறு துண்டைச் சிறு உருளையால் குத்தி எடுத்து, மெத்தனால் ஊற்றிய குப்பியில் அப்படியே தள்ளி, வாயை மூடிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். நீர் மாதிரிக்கு 40 மில்லிலிட்டர் குப்பியை விளிம்பு ததும்ப நிரப்பி மூடி, தலைகீழாகத் திருப்பித் தட்டிப் பார்க்க வேண்டும். குமிழி எழுந்தால் அந்த மாதிரியை விட்டுவிட்டு வேறு குப்பியில் புதிதாக எடுக்க வேண்டும்.

‘வாடையே இல்லை’ என்ற குறிப்பையும் சில அறிக்கைகளில் காணலாம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், நீரில் அதன் வாடை மூக்குக்கு எட்டுவதோ ஏறக்குறைய 10 மில்லிகிராம் அளவில்தான். ஆயிரம் மடங்கு பிந்தி விழிக்கும் மூக்கின் சாட்சியத்தை அறிக்கையில் சேர்ப்பதில் பொருளில்லை. (புற்றுநோய் விளைவிக்கும் பொருளை வேண்டுமென்றே முகர்ந்து பார்ப்பது பணியாளருக்கும் நல்லதன்று.)

ஒருமுறை எடுத்த மாதிரியை மட்டும் நம்பிக் கோப்பை மூடிவிடாதீர்கள். நீர்மட்டம் தாழும்போது அதோடு இறங்கும் எரிபொருள், மட்டம் உயர்ந்த பின்னும் மண் துகள்களுக்கிடையே சிக்கி நீருக்கடியில் தங்கிவிடுகிறது. உயர்மட்டத்திலும் தாழ்மட்டத்திலும் எடுத்த மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் நிலவரம் பிடிபடும்.

இக்குறைகளில் பல, ஒப்பந்த விதிகளிலேயே வேர்கொண்டவை. கிணற்றின் ஆழத்தையும் துளைப்பகுதியின் நீளத்தையும் முன்கூட்டியே எழுதிவிட்டு மீட்டர் கணக்கில் கூலி கொடுத்தால், நீர்மட்டம் எதிர்பாராத ஆழத்தில் தென்பட்டாலும் களத்திலிருக்கும் நிலவியலாளரால் எதையும் மாற்ற முடிவதில்லை. அடுத்து வெளியிடும் ஒப்பந்த ஆவணத்தில், துளைப்பகுதியின் இடத்தைக் களத்திலேயே முடிவுசெய்யும் உரிமையை அவருக்கு எழுத்தில் கொடுங்கள். அப்படி மாற்றியதற்கான காரணத்தைக் கிணற்றுப் பதிவில் அவரே கையொப்பமிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
கிணறு அமைக்கும் களப்பணியாளர் ஒருவர்